காலை வெப்பநிலையைக் கொண்டு கருமுட்டை வெளியேறிய நாளை அறிவது எப்படி?

காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், ஒரு பெண்ணின் உடல் வெப்பநிலை 36.35 டிகிரி செல்சியஸ் இருக்கிறது. மறுநாள் 36.45, அதற்கு மறுநாள் 36.35. நான்காம் நாள் 36.60 ஆக ஏறுகிறது. அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் அந்த உயரத்தை விட்டு இறங்குவதில்லை. கால் டிகிரி வித்தியாசம் என்பது நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் தெரியக்கூடியதல்ல. அவளுக்கே உடம்பில் எந்த மாற்றமும் தோன்றாது. இருந்தாலும், அந்த மாதம் அவளுடைய சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியேறியிருக்கிறது என்பதற்கு, ஊசியோ ஸ்கேனோ இல்லாமல் வீட்டிலேயே கிடைக்கும் நல்ல தடயம் இந்தக் கால் டிகிரிதான்.

“வெளியேறியிருக்கிறது” என்றுதான் சொன்னேன், “வெளியேறப்போகிறது” என்று சொல்லவில்லை. இந்த முறையைக் கையில் எடுப்பவர்களில் பலர் ஏமாற்றம் அடைவது இந்த ஒரு வினைமுற்றைக் கவனிக்காததால்தான். முற்றத்து ஈரத்தைப் பார்த்து இரவில் மழை பெய்ததை அறிகிறோம். அந்த ஈரம் நாளைய மழையைப் பற்றி எதுவும் சொல்லாது. வெப்பமானியும் அப்படியே. நடந்து முடிந்ததற்கு அது சாட்சி சொல்லும். இரண்டு மூன்று மாதக் குறிப்புகள் சேர்ந்த பிறகு, அடுத்த மாதத்தைப் பற்றி ஓர் ஊகம் செய்ய உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வெப்பநிலை ஏன் ஏறுகிறது?

மாதவிடாய் தொடங்கும் நாளை முதல் நாளாக வைத்து எண்ணுவது வழக்கம். அன்றிலிருந்து கருமுட்டை வெளியேறும் வரை சுழற்சியின் முற்பகுதி. அதன் பிறகு அடுத்த மாதவிடாய்க்கு முந்தைய நாள் வரை பிற்பகுதி. முற்பகுதியில் சினைப்பைக்குள் ஒரு சிறு நீர்ப்பையில் கருமுட்டை வளர்கிறது. அந்தப் பை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜன் போதிய அளவு உயர்ந்ததும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்னும் ஹார்மோனைத் திடீரென்று அதிக அளவில் விடுகிறது. அந்த ஏற்றம் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை நாளில் பை வெடித்துக் கருமுட்டை வெளியே வருகிறது. வெறுமையான அந்தப் பை வீணாகிவிடுவதில்லை. அது கார்ப்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறி, புரொஜெஸ்டிரோன் ஹார்மோனை ஏராளமாகச் சுரக்கத் தொடங்குகிறது. இந்தப் புரொஜெஸ்டிரோன், உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும், மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியில் செயல்பட்டு, உடல் எந்த அளவு வெப்பத்தில் இருக்க வேண்டும் என்ற வரையறையையே சற்று மேலே நகர்த்திவிடுகிறது. பொதுவாக இந்த ஏற்றம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், சிலருக்கு 0.2 டிகிரி மட்டுமே.

கரு உருவாகவில்லையென்றால் கார்ப்பஸ் லூட்டியம் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் சுருங்கிப்போகும், புரொஜெஸ்டிரோன் குறையும், அதனுடன் வெப்பநிலையும் இறங்கும், மாதவிடாய் வரும். கரு கருப்பையில் பதிந்துவிட்டால், அந்தக் கரு சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் கார்ப்பஸ் லூட்டியத்தைச் சுருங்க விடாமல் காப்பதால், வெப்பநிலை இறங்காமல் தொடரும்.

28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் கருமுட்டை என்ற கணக்கு பாடப்புத்தகத்திற்கு வசதியானது. உடல்கள் அதைப் படித்துவிட்டு நடப்பதில்லை. வயது வந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரையிலான சுழற்சி இயல்பானதாகவே கருதப்படுகிறது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளின் பதிவுகளைத் திரட்டி 2019இல் வெளியான ஓர் ஆய்வில், முற்பகுதியின் சராசரி நீளம் 16.9 நாளாகவும் பிற்பகுதியின் சராசரி 12.4 நாளாகவும் இருந்தது. அதாவது, சராசரிப் பெண்ணுக்குக்கூட 14ஆம் நாள் என்பது பொருந்தவில்லை. இரண்டில் முற்பகுதியே பெரிதும் நீண்டும் குறுகியும் போகிறது. காய்ச்சல், தூக்கமின்மை, மனஉளைச்சல், திடீர் எடைக்குறைவு ஆகியவை கருமுட்டை முதிர்வதைத் தள்ளிப்போடும். பிற்பகுதி ஒரே பெண்ணிடம் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. “மாதவிடாய் தள்ளிப்போய்விட்டது” என்று நாம் சொல்லும்போது, பல நேரங்களில் உண்மையில் தள்ளிப்போனது கருமுட்டை வெளியேறிய நாள். வெப்பநிலைக் குறிப்பு வைத்திருப்பவருக்கு இது இரண்டு வாரம் முன்னதாகவே தெரிந்துவிடும்; என் கணிப்பில், இந்த முறையின் மிகப் பெரிய பயன் இதுதான்.

வெப்பநிலை முற்பகுதியில் தாழ்ந்தும் பிற்பகுதியில் உயர்ந்தும் நிற்கும் இந்த இரட்டைப் படி அமைப்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. நெதர்லாந்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் தியோடோர் ஹென்ட்ரிக் வான் டி வெல்டே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை விவரித்தார். பின்னர் 1920களில் இதைக் கார்ப்பஸ் லூட்டியத்துடன் தொடர்புபடுத்தினார். அன்றைய மருத்துவர்கள் பாதரச வெப்பமானியையும் கோடிட்ட தாளையும் வைத்துச் செய்ததைத்தான் இன்று நாமும் செய்கிறோம்.

எந்த வெப்பமானி?

காய்ச்சல் பார்க்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி பெரும்பாலும் ஒரு தசம இடம் வரைதான் காட்டும். 36.4, 36.5 என்று தாவும் கருவியில் 0.2 டிகிரி ஏற்றத்தைத் தேடுவது, அடிக்கோலை வைத்துக்கொண்டு நூலின் தடிமனை அளப்பது போன்றது. 36.45 என்று இரண்டு தசம இடங்களைக் காட்டும் வெப்பமானி வேண்டும். அடிப்படை உடல் வெப்பநிலை வெப்பமானி என்று கேட்டால் கிடைக்கும். ஃபாரன்ஹீட்டில் காட்டும் கருவியும் தவறில்லை. ஒரே அலகில் தொடர்ந்தால் போதும். 0.2 டிகிரி செல்சியஸ் என்பது ஏறக்குறைய 0.4 டிகிரி ஃபாரன்ஹீட். நெற்றியை நோக்கிப் பிடிக்கும் அகச்சிவப்புக் கருவி, காதில் வைக்கும் கருவி ஆகியவை இந்த வேலைக்கு ஆகா. ஒரே நிமிடத்தில் இரண்டு முறை அளந்தால் இரண்டு எண்களைக் காட்டக்கூடியவை அவை. சுழற்சியின் நடுவே கருவியை மாற்ற வேண்டாம். மின்கலம் தீர்ந்து மாற்றியே ஆக வேண்டியிருந்தால், எந்த நாளில் மாற்றினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

விரலில் மோதிரமாகவும் மணிக்கட்டில் பட்டையாகவும் அணிந்து, இரவெல்லாம் தோலின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவிகள் இப்போது பரவலாகிவிட்டன. அதிகாலையில் எழுந்து அளக்க வேண்டிய தொல்லையை அவை நீக்குகின்றன என்பது உண்மையே. ஆனால் தோலின் வெப்பநிலை வேறு, வாயில் அளக்கும் வெப்பநிலை வேறு. ஒன்றின் எண்களை மற்றொன்றின் தாளில் ஒட்ட முடியாது. கீழே சொல்லப்படும் கணக்கு வாயிலோ, மலவாயிலோ, பிறப்புறுப்பிலோ அளப்பவர்களுக்கானது.

அளக்கும் முறை

உடலின் வெப்பநிலை நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதிகாலையில் மிகத் தாழ்ந்து, விழிப்புக்குச் சற்று முன்பிருந்தே மெல்ல ஏறத் தொடங்கி, மாலையில் உச்சத்தைத் தொடுகிறது. ஒரே நாளுக்குள் நிகழும் இந்த ஏற்ற இறக்கம், நாம் தேடும் கால் டிகிரியை விடப் பெரியது. ஆகவே, எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதே இந்த முறையின் உயிர். இரவு படுக்கும்போதே வெப்பமானியைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் விழித்ததும் எழுந்து உட்காராமல், பேசாமல், தண்ணீர் குடிக்காமல், அலைபேசியைத் தேடாமல், முதல் வேலையாக அளந்துவிட வேண்டும். அளப்பதற்கு முன் குறைந்தது மூன்று மணி நேரமாவது தொடர்ந்து தூங்கியிருப்பது நல்லது. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், அரை மணி நேரம் முன்பின்னாக, அளப்பது போதுமானது. விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் அன்றைய எண் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். அதற்கு ஒரு கழித்தல் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டாம், நேரத்தை மட்டும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வாயில் அளப்பவர்கள், நுனியை நாக்கின் அடியில், நாவின் வேர் அருகே உள்ள குழிவில் பதித்து, உதடுகளை மூடி, மூக்கால் மூச்சு விட வேண்டும். வெப்பமானி ஒலி எழுப்பிய பிறகும் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தால் சில கருவிகளில் எண் இன்னும் நிலைப்படும்; எப்படிச் செய்தாலும் தினமும் அதே முறையில் செய்ய வேண்டும். வாயைத் திறந்தபடி தூங்குபவர்களுக்கும், மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும் வாயில் எடுத்த எண்கள் தாறுமாறாக வரும். அப்படியானவர்கள் பிறப்புறுப்பிலோ மலவாயிலோ அளந்தால் எண்கள் அமைதியாக இருப்பதைக் காண்பார்கள். இடத்தை மாற்றுவதென்றால் புதிய சுழற்சியின் முதல் நாளிலிருந்து மாற்றுங்கள். அக்குளில் அளப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரவுப் பணி செய்பவர்கள், தங்களுடைய நாளின் மிக நீண்ட தூக்கத்திலிருந்து விழிக்கும்போது அளக்கலாம். கடிகாரம் என்ன சொல்கிறது என்பதை விட, உடல் ஓய்ந்திருந்ததா என்பதே முக்கியம். பணிநேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறதென்றால் இந்த முறை அவர்களுக்குச் சிரமத்தைத்தான் தரும், அதை மறைப்பதற்கில்லை. கைக்குழந்தையோடு இரவில் நான்கு முறை விழிக்கும் தாய்க்கும் அப்படியே.

குறிப்பது

அளந்த எண்ணை உடனே எழுதிவிடுங்கள். கட்டமிட்ட தாளில் கிடைமட்டமாகச் சுழற்சி நாட்களையும் செங்குத்தாக 0.05 டிகிரிக்கு ஒரு கட்டமாக வெப்பநிலையையும் வைத்துப் புள்ளியிட்டு இணைத்தால், வளைவு கண்ணுக்குத் தெரியும். செயலியிலும் பதியலாம். ஆனால் பல செயலிகள் புள்ளிகளைச் சேகரிப்பதோடு நிற்காமல், “உங்கள் கருவுறும் நாட்கள் இவை” என்று முன்கூட்டியே வண்ணம் தீட்டிவிடுகின்றன. அது கடந்த மாதங்களின் சராசரியிலிருந்து பிறந்த ஊகமே தவிர, இந்த மாதம் உங்கள் உடலில் கண்டதல்ல. தவிரவும், மாதவிடாய் விவரம் என்பது ஒருவரின் மிக அந்தரங்கமான தகவல். அதை யார் சேமிக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செயலியைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு மாதமாவது தாளில் கையால் குறிப்பது நல்லது என்பது என் கருத்து. புள்ளியைத் தானே வைத்தவருக்குத்தான் அதன் பொருள் பிடிபடும்.

எண்ணோடு சேர்த்து, அதைக் கெடுத்திருக்கக்கூடிய எதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள்: காய்ச்சல், சளி, முந்தைய இரவு மது, விடிய விடிய விழிப்பு, பயணம், தாமதமான விழிப்பு, வழக்கத்தை மீறிய புழுக்கம், புதிய மருந்து. காய்ச்சல் மாத்திரை போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். அது எண்ணை இறக்கிக் காட்டக்கூடும். அத்தகைய நாளின் புள்ளியை அழிக்க வேண்டாம். அடைப்புக்குறிக்குள் வைத்தால் போதும். மாதவிடாய் முதல் நாளிலிருந்தே அளக்கத் தொடங்குவது சிறந்தது. ஓரிரு மாதம் பழகிய பிறகு, ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து தொடங்கினாலும் குறையொன்றும் இல்லை.

வளைவைப் படிப்பது

பழகியவர்கள் பின்பற்றும் விதி எளியது: முந்தைய ஆறு தாழ்ந்த எண்களையும் விட உயர்ந்த எண்கள் தொடர்ந்து மூன்று நாள் வர வேண்டும்; அந்த மூன்றில் கடைசி எண், ஆறு தாழ்ந்த எண்களில் மிக உயர்ந்ததை விடக் குறைந்தது 0.2 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். சொல்லும்போது சிக்கலாகத் தோன்றும். ஒரு தாளை எடுத்துப் பார்த்தால் தெளிந்துவிடும்.

10ஆம் நாள் 36.35, 11ஆம் நாள் 36.40, 12ஆம் நாள் 36.85; 13ஆம் நாள் 36.30, 14ஆம் நாள் 36.35, 15ஆம் நாள் 36.45, 16ஆம் நாள் 36.35, 17ஆம் நாள் 36.60, 18ஆம் நாள் 36.65, 19ஆம் நாள் 36.70.

இதில் முதலில் கண்ணில் படுவது 12ஆம் நாளின் 36.85. அந்த ஒரு புள்ளியைப் பார்த்து, “ஏறிவிட்டது” என்று மகிழ்ந்தவர் 13ஆம் நாள் குழம்பிப்போவார். பக்கத்தில் “இரவு இரண்டு மணிக்குப் படுத்தேன், ஒன்பது மணிக்கு எழுந்தேன்” என்று எழுதியிருப்பதால் அதை அடைப்புக்குறிக்குள் வைத்து விலக்கிவிடலாம். மீதியுள்ள 10, 11, 13, 14, 15, 16 ஆகிய ஆறு நாட்களில் மிக உயர்ந்தது 36.45. அதற்குச் சற்று மேலே, 36.50இல், ஒரு நேர்கோடு இழுங்கள். 17, 18, 19 ஆகிய மூன்று நாட்களும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. 19ஆம் நாளின் 36.70, 36.45ஐ விட 0.25 டிகிரி கூடுதல். விதி நிறைவேறிவிட்டது. கருமுட்டை பெரும்பாலும் ஏற்றத்துக்கு முந்தைய நாளான 16ஆம் நாளில், அல்லது அதற்கு ஓரிரு நாள் முன்பின்னாக, வெளியேறியிருக்கும். துல்லியமான மணி நேரத்தையோ, ஏன், துல்லியமான நாளையோகூட இந்த முறை தராது.

இதை உறுதி செய்வது 19ஆம் நாள் காலையில்தான் என்பதைக் கவனியுங்கள். வெளியேறிய கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம் வரையே உயிரோடிருக்கும். எனவே, குழந்தைக்காக முயல்பவர்கள் வெப்பநிலை ஏறட்டும் என்று காத்திருந்தால், கதவு சாத்திய பிறகு வாசலுக்கு வந்து நிற்பார்கள். விந்தணு சாதகமான சூழலில் ஐந்து நாள் வரை உயிர் வாழ்வதால், கருவுறக்கூடிய காலம் என்பது கருமுட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களாகும்; அதிலும் கடைசி இரண்டு மூன்று நாட்களில் வாய்ப்பு மிகுதி. நம் எடுத்துக்காட்டில் அது 11 முதல் 16ஆம் நாள் வரை, அதாவது தாளில் எல்லாப் புள்ளிகளும் கீழே கிடக்கும் காலம்.

மூன்றாவது எண் 0.2 டிகிரியை எட்டவில்லையென்றால், நான்காம் நாள் வரை காத்திருங்கள். அதுவும் கோட்டுக்கு மேலே இருந்தால் ஏற்றம் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். ஏற்றம் எல்லோருக்கும் ஒரே தாவலாக வருவதில்லை. சிலருக்குப் படிப்படியாக மூன்று நான்கு நாள் எடுத்து ஏறும். சிலருக்கு ஏறி, ஒரு நாள் இறங்கி, மீண்டும் ஏறும். ஏற்றத்துக்கு முந்தைய நாள் ஒரு சிறு சரிவு வரும் என்று பலர் படித்துவிட்டு அதைத் தேடுகிறார்கள். பலருடைய தாளில் அது வருவதே இல்லை, வந்தாலும் அதை நம்பி நாள் குறிக்க முடியாது. கரு பதியும் நாளில் ஒரு சரிவு தெரியும் என்ற நம்பிக்கையும் அத்தகையதே. ஒற்றைப் புள்ளிக்குப் பொருள் தேடும் பழக்கத்தை விட்டுவிட்டால் பாதி மனவேதனை குறையும்.

அதே தாளின் தொடர்ச்சியைப் பார்ப்போம். 17 முதல் 28ஆம் நாள் வரை எண்கள் 36.60க்கும் 36.80க்கும் இடையே நிற்கின்றன. 29ஆம் நாள் 36.50, மறுநாள் காலை 36.35, அன்றே மாதவிடாய். சுழற்சி 29 நாள், பிற்பகுதி 13 நாள். அடுத்த மாதம் ஏற்றம் 22ஆம் நாளில் வந்தால், மாதவிடாய் 35ஆம் நாளை ஒட்டி வரும் என்று இவர் எதிர்பார்க்கலாம். தாமதம் என்று கலங்க வேண்டியதில்லை. பிற்பகுதி மாதாமாதம் பத்து நாளுக்கும் குறைவாக இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்வது நல்லது. ஏற்றம் 18 நாளுக்கு மேல் இறங்காமல் நீடித்து, மாதவிடாயும் வரவில்லையென்றால், கருத்தரித்திருக்க வாய்ப்பு அதிகம். சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள்.

படிய மறுக்கும் தாள்கள்

ஒரு மாதம் முழுவதும் எண்கள் மேடும் பள்ளமுமாக இருந்து, இரண்டு படிகளாகப் பிரியவே இல்லையென்றால், அந்த மாதம் கருமுட்டை வெளியேறாமல் இருந்திருக்கலாம். மாதவிடாய் போன்ற இரத்தப்போக்கு வந்தது என்பதாலேயே கருமுட்டை வெளியேறியது என்று ஆகிவிடாது. ஆரோக்கியமான பெண்களுக்கும் எப்போதாவது ஒரு மாதம் இப்படி அமையும். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளிலும், மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளிலும், குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்திலும் இது சகஜம். தொடர்ந்து மூன்று மாதம் இப்படியே இருந்தால் காரணம் தேட வேண்டும், பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, தைராய்டு கோளாறு, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் மிகுதல் ஆகியவை வழக்கமாகப் பார்க்கப்படுபவை. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களின் முற்பகுதி ஐம்பது அறுபது நாள்கூட நீளக்கூடும். தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு எல்லா எண்களுமே தாழ்ந்திருக்கலாம். அவர்களும் எண்ணின் அளவைப் பார்க்காமல் இரு படிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தாள் தட்டையாக இருப்பது மட்டுமே கருமுட்டை வெளியேறவில்லை என்பதற்கு முடிவான ஆதாரமும் ஆகாது. ஸ்கேனில் கருமுட்டை வெளியேறியது உறுதியான சிலருடைய தாளிலும் ஏற்றம் தெளிவாகத் தெரிவதில்லை. எதிர்மாறாக, பை வெடிக்காமலேயே புரொஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குவதும் உண்டு. அப்போது தாளில் ஏற்றம் தெரியும், கருமுட்டை வெளியே வந்திருக்காது. இத்தகைய காரணங்களால், குழந்தையின்மைக்கான பரிசோதனையில் கருமுட்டை வெளியேறியதை உறுதி செய்ய வெப்பநிலைத் தாளை நம்ப வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் கூறுகிறது. தன் உடலின் போக்கை அறிய விரும்புபவருக்கு இந்தத் தாள் நல்ல துணை. நோயைக் கண்டறியும் கருவியாக அதைக் கொள்வது அதன் தகுதிக்கு மீறியது.

ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் வெப்பநிலையைக் குறிப்பதில் பொருளில்லை. அந்த மாத்திரைகள் பெரும்பாலும் கருமுட்டை வெளியேறுவதையே நிறுத்திவைக்கின்றன. ஹார்மோன் இல்லாத காப்பர்-டி கருமுட்டை வெளியேறுவதைத் தடுப்பதில்லை என்பதால், அதைப் பொருத்தியிருப்பவர்கள் தாராளமாகக் குறிக்கலாம்.

கூடவே பார்க்க வேண்டியவை

வெப்பமானி சொல்லாத முன்னறிவிப்பைக் கருப்பை வாயிலிருந்து வரும் திரவம் சொல்கிறது. மாதவிடாய் முடிந்த சில நாட்கள் வறட்சியாகவும், பின்னர் வெண்மையாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும் திரவம், ஈஸ்ட்ரோஜன் உயர உயர நீர்த்து, முட்டையின் வெள்ளைக்கருவைப் போலத் தெளிந்து, இரு விரல்களுக்கிடையே அறாமல் நீளும். வழுவழுப்பான அந்த நாட்களே கருவுறுவதற்கு உகந்தவை. அதன் பிறகு திரவம் திடீரென்று கெட்டியாகவோ வறண்டோ போய்விடும். அதையொட்டியே வெப்பநிலை ஏறும். சிறுநீரில் எல்.எச். ஏற்றத்தைக் காட்டும் பட்டைகள் ஒன்று ஒன்றரை நாள் முன்னதாக எச்சரிக்கும், பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே உயர்ந்திருக்கக்கூடும் என்பதால் பட்டை அவர்களை ஏமாற்றலாம். திரவத்தைப் பார்த்து நாளைத் தேர்ந்துகொண்டு, வெப்பநிலையைப் பார்த்து அது நடந்ததா என்று சரிபார்ப்பதே குழந்தைக்காக முயல்பவர்களுக்கு உகந்த வரிசை.

கருத்தடைக்காக இதை நம்பலாமா என்ற கேள்விக்கு, வெப்பநிலையை மட்டும் நம்ப வேண்டாம் என்பதே என் பதில். வெப்பநிலையையும் திரவத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை, பயிற்சி பெற்று ஒரு விதியும் தவறாமல் கடைப்பிடிக்கும் தம்பதியருக்கு நல்ல பலனைத் தருகிறது. வழக்கமான வாழ்க்கையில், இப்படிப்பட்ட இயற்கை முறைகளைப் பின்பற்றும் நூறு பெண்களில், முறைக்கு ஏற்ப, ஓராண்டில் 2 முதல் 23 பேர் வரை கருத்தரிக்கிறார்கள். பாலியல் தொற்றுகளிலிருந்து இவை எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை.

மருத்துவரிடம் தாளைக் கொண்டுபோவது

35 வயதுக்குட்பட்டவர்கள் ஓராண்டு முயன்றும், 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்கவில்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு அதிகமாகவோ வருபவர்களும், மூன்று மாதமாக மாதவிடாயே வராதவர்களும் அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. போகும்போது மூன்று மாதத் தாள்களை எடுத்துச் செல்லுங்கள். பல மருத்துவர்கள் வளைவைப் பார்த்து முடிவெடுக்க மாட்டார்கள். இருந்தாலும் ஒரு விஷயத்தில் அந்தத் தாள் கைகொடுக்கும்.

கருமுட்டை வெளியேறியதை இரத்தத்தில் உறுதி செய்ய, புரொஜெஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும் நாளில் இரத்தம் எடுக்க வேண்டும். கருமுட்டை வெளியேறி ஏறக்குறைய ஏழு நாள் கழித்து, அதாவது அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு, அந்த உச்சம் வருகிறது. 28 நாள் சுழற்சியில் அது 21ஆம் நாள் என்பதால், “21ஆம் நாள் பரிசோதனை” என்ற பெயரே நிலைத்துவிட்டது. 35 நாள் சுழற்சி உள்ள ஒரு பெண் அந்தப் பெயரை நம்பி 21ஆம் நாளில் இரத்தம் கொடுத்தால், கருமுட்டை அப்போதுதான் வெளியேறியிருக்கும், புரொஜெஸ்டிரோன் தாழ்ந்திருக்கும், கருமுட்டை வெளியேறவில்லை என்று முடிவு எழுதப்பட்டுவிடக்கூடும். அவருடைய கடந்த மாதத் தாள்களில் ஏற்றம் 22ஆம் நாளை ஒட்டி வந்திருப்பதைக் காட்டி, “எனக்கு 28ஆம் நாளில் எடுக்கலாமா?” என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டால், அந்த ஒரு மாதமும், தேவையற்ற கவலையும், இன்னொரு ஊசிக்குத்தும் மிச்சமாகும்.